கண்ணளவு

எவ்வளவு உப்பு என்று கேட்டேன்.
கண்ணளவு என்றாள் சியாலா,
நேப்பிள்ஸில், யாரோ ஒருவரின் தாயைக்
கட்டிலில் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டே.
உன் கண்ணா, என் கண்ணா என்றேன்.
போனில் சார்ஜ் நான்கு சதவீதம் என்றாள்.

அது டிசம்பர் பதினேழு, புனித பார்பராவின் நாள்.
குட்டாய்சியில் அன்று வீட்டுக்கு வீடு
ராஜ்மாவை மசித்து உள்ளே வைத்த ரொட்டி.
எங்கள் ரொட்டி கல்லில் போட்டதும்
தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டது.
எலிசோ கரண்டியால் வழித்துத் தின்றாள்.
பத்து வயதுக்கு இரக்கம் அதிகம்.
தட்டைக் கழுவும்போதுதான் சொன்னாள்:
அம்மாவுக்குப் போட்டோ அனுப்பாதே.

பதினெட்டு வருஷமாக மினி பஸ் ஓட்டுகிறேன்.
மேட்டில் எப்போது கியர் மாற்றுவது
என்று என் காதுக்குத் தெரியும்.
வெங்காயம் போடும் சத்தம் மட்டும்
என்ன சொல்கிறதென்று பிடிபடவில்லை.

ஈஸ்டருக்கு மஞ்சிட்டி வேர் போட்டு
முட்டைகளை வேகவைத்தேன்.
முட்டை சிவந்தது, பானை சிவந்தது,
பத்து விரலும் சிவந்து
மறுநாள் ஸ்டியரிங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.
யாரைக் கொன்றுவிட்டு வருகிறாய்
என்றது முன் சீட்டு.
கல்லறைக்குப் போய் அப்பாவின் மண்மேட்டில்
ஒரு முட்டையை உருட்டிவிட்டேன்.
நேராகப் போகவில்லை.
அவரும் அப்படித்தான்.

மே மாதம் ஆட்டுக்குட்டிக் கறி,
கட்டுக்கட்டாக டாரகன் கீரை,
பல் கூசும் பச்சை ப்ளம், வெள்ளை ஒயின்.
தாளிப்பு கிடையாது, கிளறவும் கூடாது.
மூடிவிட்டு விலகி நில் என்றாள்.
இது ஒன்றுதான் முதல் தடவையே சரியாக வந்தது.
விலகி நிற்பதில்
மூன்று வருஷப் பழக்கம்.

ஜூலையில் ப்ளம் சட்னி காய்ச்சிப் புட்டியில் அடைத்தேன்.
ஒரு புட்டி நடுராத்திரியில் வெடித்தது.
சுவரில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது,
துருக்கியின் வரைபடம் என்கிறாள் எலிசோ.

ஆகஸ்டில் சமைக்கவில்லை.
ஒன்பது நாள் சியாலா போனை எடுக்கவில்லை.
அந்தக் கிழவி இறந்துவிட்டாள்,
வேறு கிழவி கிடைக்கும்வரை
தோழியின் சமையலறைத் தரையில் படுக்கை
என்று பிறகு தெரிந்தது.
நாங்கள் நின்றபடியே
தக்காளியைக் கடித்து, உப்பைத் தொட்டு,
கடித்து, தொட்டு.

அக்டோபரில் வால்நட்டை நூலில் கோத்து,
மாவு சேர்த்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் முக்கி,
பால்கனியில் தொங்கவிட்டோம்.
எலிசோ கோத்தாள், நான் முக்கினேன்.
அடுத்த வீட்டு ஜும்பெர் நாற்காலி போட்டு உட்கார்ந்து
குறை சொன்னார்.
முப்பது சரத்தில் பத்து இரவே அறுந்து
கீழ்வீட்டுக் கொடியில் விழுந்தன,
வெள்ளைப் போர்வையின் மேல்.
அபராதம்: இன்னும் இரண்டு சரம்.

மறுபடி பார்பரா நாள்.
ரொட்டி கிழியவில்லை.
உப்புதான் கொஞ்சம் தூக்கல்.

வருஷத்தின் கடைசி ராத்திரி
தேன் கொதித்துக்கொண்டிருந்தது.
குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன்.
உருண்டு நின்றது.
வால்நட்டைக் கொட்டிக் கிளறி
நனைத்த பலகையில் பரப்பப்போகிறேன், போன்.
அவளுக்குப் பின்னால் தெரியாத வீட்டின் டைல்ஸ்,
தெரியாத அடுப்பு, சின்ன வாணலி.
இங்கே எல்லோருக்கும் செய்து தருகிறேன் என்று
வாய்விட்டுவிட்டேன் என்றாள்.
ஒரு கிலோ பருப்புக்குத் தேன் எவ்வளவு?
சர்க்கரை போடுவோமா நாம்?

பதில் நாக்கு நுனிவரை வந்தது.
ஒரு வருஷமாக எனக்கு அவள் தந்த அதே பதில்.
விழுங்கிக்கொண்டேன்.

பலகையில் தேன் இறுக ஆரம்பித்திருந்தது.
அலமாரியிலிருந்து ட்ரிப் ஷீட்டை எடுத்து,
பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்ததை வாசித்தேன்:
எண்ணூறு கிராம் தேன்.
சர்க்கரை இரண்டு கரண்டி, தலை தட்டி.
மெதுவாக, இரண்டு முறை.
அந்தப் பக்கம் அவள் எழுதும் சத்தம் கேட்டது.

புத்தாண்டில் முதலில் படி ஏறுகிறவர்தான்
அந்த வருஷத்தைக் கையோடு கொண்டுவருவார் என்பார்கள்.
பன்னிரண்டு அடித்ததும் ஜும்பெர் வந்தார்,
ஒற்றைச் செருப்போடு.
பலகையைத் தட்டிப் பார்த்தார்.
சுத்தியல் எங்கே என்றார்.