ஆறு துப்பாக்கிகளுக்கு ஒரு ரசீது

காலை ஏழரைக் கூட்டத்தில்
மேஜர் ஷிவாம்போ வரைபடத்தில் விரல் வைத்தார்:
"இலக்கு பதினேழு."
எங்கள் பட்டியலில் அது ந்யாமசோங்கா.
நூற்றுப் பன்னிரண்டு குடும்பம், ஒரு பள்ளிக்கூடம்,
கூரைமேல் எத்தனை பேர் என்று தெரியவில்லை.
இலக்கு என்ற சொல்லை மாற்றலாமா என்றேன்.
"சொல்லை அப்புறம் மாற்றலாம், தெல்ஃபீனா,
தண்ணீர் மணிக்கு ஒரு சாண் ஏறுகிறது."

உண்மைதான்.
பூசி ஆறு எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை.

ஹெலிகாப்டர் அவர்களுடையது.
மக்காச்சோள மாவும் குளோரின் மாத்திரையும் எங்களுடையது.
மேகம் விலகும் இரண்டு மணிநேரம்
யாருடையது என்று இன்னும் முடிவாகவில்லை.

நேற்றுப் போனவர்கள் சொன்னது:
சத்தம் கேட்டதும் மேட்டில் நின்றவர்கள் கையசைக்கவில்லை.
பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
தண்ணீருக்குள் இறங்கினார்கள்.
தலைக்குமேல் போனால் சாண் என்ன, முழம் என்ன;
கழுத்தில் நிற்கும்போதோ
ஒவ்வொரு விரற்கடையும் கணக்கு.
அப்படியும் இறங்கினார்கள்.
"பைத்தியங்கள்" என்றான் கதவோரச் சிப்பாய் அமில்கார்.
இருபது வயதிருக்கும்.
அவன் பிறக்கும் முன்னே முடிந்த போர்.
முடிந்துவிட்டது என்று அந்த மேட்டுக்கு
யாரும் போய்ச் சொல்லவில்லை.

என் மாவு ஏறும் வண்டியில் துப்பாக்கி ஏறாது என்றேன்.
"என் ஆட்களைக் கையில்லாமல் போகச் சொல்கிறாய்."
"கை வேண்டும், மேஜர்.
மூட்டை இறக்க இரண்டு கையும் வேண்டும்."
ஜெனரேட்டர் இருமியது.
வெகுநேரம் யாரும் பேசவில்லை.
பிறகு அவர் கேட்டார்:
"சரி, யார் பொறுப்பேற்பது?
கையெழுத்தில்லாமல் ஒரு தோட்டாகூட நகராது."

ரசீதுப் புத்தகம் இருந்தது என்னிடம் மட்டும்.

எங்கள் கூடார வாசலில் ஒரு படம் ஒட்டியிருக்கும்:
துப்பாக்கி, அதன் குறுக்கே சிவப்புக் கோடு.
பாதியை மழை உரித்திருந்தது.
மீதியை அன்று நான் பார்க்கவில்லை.
பொருள்: துப்பாக்கி. எண்ணிக்கை: ஆறு.
நிலை: சேதமில்லை.
காலாவதித் தேதி என்ற கட்டத்தை
வெறுமனே விட்டேன்.

பதினொரு மணிக்கு மழை.
மிஞ்சியிருந்த தார்ப்பாய் ஒன்று.
நாற்பது மூட்டை மாவு ஒரு பக்கம்,
அவை ஆறும் மறுபக்கம், சுவரில்லாத சுவரில் சாய்ந்து.
தார்ப்பாயை மாவுக்குப் போர்த்தினேன்.
அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.
ஆனால் கொஞ்ச நேரம் கழித்து
என் மழைக்கோட்டைக் கழற்றி
அவற்றின்மேல் போட்டேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
கையெழுத்து என்னுடையது.

மூன்றரைக்கு இறங்கினார்கள்,
இருபத்து மூன்று பேர், ஒரு ஆடு,
தோளெல்லாம் குழந்தை கக்கிய பாலுடன் அமில்கார்.
அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.
கடைசியாக வந்தவள் ரொஸலீனா முத்தீஸ்.
சிப்பாய்களின் வெறுங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவள்
என்னிடம் வந்து
இரண்டு கையையும் அகட்டி ஒரு நீளம் காட்டினாள்.
"அதையெல்லாம் எங்கே வைத்திருக்கிறார்கள்?"

பொய் சொல்லியிருக்கலாம்.
"என் கூடாரத்தில்" என்றேன்.

ஓரடி பின்வாங்கினாள்.
நனைந்த என் சட்டையை, கழுத்து அட்டையை,
அட்டையிலிருந்த சின்னத்தை
மேலிருந்து கீழ்வரை படித்தாள்.
பிறகு நான் நீட்டிய மாவுப் பையை விட்டுவிட்டு
அமில்கார் நீட்டிய தண்ணீர்ப் போத்தலை
வாங்கிக்கொண்டு போனாள்.

மாலையில் எண்ணிக் கொடுத்தேன். ஆறு.
ஒன்றின் குழல்வாயில் மாவு.
மேஜர் ஊதித் துடைத்தார், எதுவும் சொல்லவில்லை.
"நாளைக்கு ந்யா... ந்யமசோகா
இன்னொரு முறை" என்றார் போகும்போது.
நான் திருத்தவில்லை.

இருட்டிய பிறகு கூடாரத் துணி அசைந்தது.
ரொஸலீனா, கையில் ஒரு அலுமினியக் கிண்ணம்.
உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.
"இன்னும் இருக்கிறதா?"
"திருப்பிக் கொடுத்துவிட்டேன்."
"யாரிடம்?"

அளந்து போட்டேன்.
கிண்ணம் நிறைந்த பிறகும்
அவள் நின்றுகொண்டிருந்தாள்.