மூன்றாம் அறையில் மழை

கிரெனோபிளில் பனி கொட்டுகிறது.
ஆய்வகத்தின் மூன்றாம் அறையில் மட்டும்
நாற்பத்தோராம் நாளாக மழைக்காலம்.

வெப்பம் முப்பத்திரண்டு, ஈரப்பதம் தொண்ணூறு.
மாலை நான்குக்குத் தூறல், ஐந்துக்கு விளாசல்,
ஆறுக்கு வெயில் விளக்கு.
நேரம் குறித்துக் கொடுத்தவள் நான்தான்.
எந்த ஊர் மேகமும் என் பேச்சை இப்படிக் கேட்டதில்லை.

உள்ளே முழங்கால் உயரத்தில் இரண்டு சுவர்கள்.
கடலோரக் கோட்டையில் சரிந்துபோன வடக்கு மதிலிலிருந்து
மூட்டையாய் வந்த மண்.
இதில் என்ன விளையும் என்று
சுங்கத்தில் கேட்டார்களாம்.

இடதுக்குச் சுண்ணாம்பும் மண்ணும் குழைத்த பூச்சு.
பார்க்கச் சகிக்கவில்லை.
திட்டுத் திட்டாய்க் கறுத்து, பாசி பிடித்து,
ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் சேற்றைக்
கொடுத்தனுப்புகிறது.

வலதுக்கு சிமெண்ட்.
கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது.

இன்று காலை சொலேன் கையுறையைக் கழற்றி
விரல் மடக்கித் தட்டினாள்.
இடதில் தொப்பென்று, ஈர மாவில் அறைந்தாற்போல்.
வலதில் டொக்.
மறுபடி தட்டினாள். டொக்.
தேங்காயைத் தட்டி வாங்கிய காது எனக்கு.
சிரித்துக்கொண்டே இருந்த முகம் சட்டென்று நின்றது.

உளி வைத்ததும்
ஓடு முழுசாகக் கையோடு வந்துவிட்டது.
பின்னால் கூழ்.
அடியிலிருந்து ஏறிய ஈரம்
வெளியே போக வழி கேட்டுக் கேட்டு
உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.
"எழுதிக்கொள்" என்றாள்.
எழுதினேன்: பூச்சு முழுமை. சுவர் இல்லை.

மதியம் பழைய கோப்பைத் திறந்தோம்,
பதினோரு வருடத்துக்கு முந்தையது.
வடக்கு மதில். சிமெண்ட் பூச்சுக்கு ஒப்புதல்.
'பருவமழையிலிருந்து நிரந்தரப் பாதுகாப்பு.'
கீழே வாலை நீட்டிப் போட்ட ஒரு கையெழுத்து.
இருபத்தாறு வயதில்
எனக்கு நிரந்தரம் என்ற சொல் ரொம்பப் பிடித்திருந்தது.

சொலேன் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
காபி எந்திரத்துக்குச் சில்லறை இருக்கிறதா என்றாள்.
இருந்தது. கொடுத்தேன்.

ஐந்து மணி. உள்ளே விளாசல் ஆரம்பித்துவிட்டது.
நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான்.
நிறுத்தவில்லை. இடது சுவருக்கு
நாளை இன்னொரு கை பூச வேண்டும்.
பரிந்துரையில் அதைத்தான் எழுதியிருக்கிறேன்:
வருடா வருடம், மழை முடிந்ததும்,
நான்கு ஆட்கள், ஒன்பது நாள் கூலி, சுண்ணாம்பு.
முடிவுத் தேதி என்ற இடத்தில் ஒரு கோடு.

அதற்கு மேலே,
'சரிவுக்குக் காரணம்' என்று ஒரு கட்டம்.
ரொம்பச் சின்னக் கட்டம்.
வாலில்லாமல் எழுதினால்
ஒரு பெயர் கொள்ளும்.