வில்லுக்கத்தி

கத்தி என்னுடையதல்ல.
பிள்ளைப்பேற்று லீவில் போன வசந்தகலா
ஓய்வுக் கொட்டிலில் விட்டுப்போனது.
மறந்து விட்டாளா, எனக்கென்று விட்டாளா,
நான் கேட்கவில்லை.
எருமைக்கொம்புப் பிடி, மூன்று பித்தளை ஆணி,
அலகில் உப்பும் மிளகாய்த்தூளும் மணக்கும்.
மாங்காய் வெட்டத்தான் எடுத்தேன்.
டின்மீன் திறக்கப் போனது என் குணம்.

டக்.

கொட்டிலில் எட்டுப் பேரும்
வாயில் வைத்த சோற்றோடு நின்றார்கள்.
"கத்தியடி, கத்தி" என்றேன்.
பிறகுதான் மென்றார்கள்.

அலகுக்கு ஒன்றுமில்லை.
முதுகிலிருந்த வில்லு இரண்டாய்ப் போயிருந்தது.
அதன்பிறகு அது
தவறணையால் வருகிறவனின் தலை மாதிரி
பிடித்த பக்கமெல்லாம் சாய்ந்தது.

மாங்குளம் சந்தியில் திறப்பு வெட்டுகிற யோகசீலன்
வாங்கிக் காதருகே வைத்து ஆட்டினான்.
"ஆற்றை?"
"என்ரை."
"உங்கடை எண்டால் இப்பிடி வேர்க்காதே, அக்கா."

விரல் நீளத்துக்கு உருக்கு வேணுமாம்,
வளைத்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பி வருகிற சாதி.
தகரம் சரிவராது. கம்பி சரிவராது.
"நீங்கள் இரும்பு தேடுற ஆக்கள்தானே,
ஒரு துண்டு கொண்டாங்கோவன்."

அம்பகாமத்தில் என் பாதை ஒரு மீற்றர் அகலம்.
இரண்டு பக்கமும் சிவப்புத் தடி.
முகமூடிக்குள் என் மூச்சு எனக்கே சுடும்.
கருவி கத்தும்போது முழந்தாளிடுவேன்,
பக்கவாட்டில், விரல் விரலாக மண்ணை எடுப்பேன்.
ஆணி.
பேணி மூடி.
சன்னக் கோது.
சருவச்சட்டி ஒன்றின் காது.
யாரோ ஒரு பிள்ளையின் சட்டைப் பின், பூட்டியபடி.
எல்லாம் வாளிக்குள்.
பின்னேரம் வாளியை நிறுத்து
எழுதி, ஒப்பம் வைத்துக் கொடுக்கவேண்டும்.
எடுத்துப்போக ஒன்றும் என்னுடையதல்ல.
எடுக்கலாம் என்றாலும்
அந்தப் பின்னை நான் தொட்டிருக்கமாட்டேன்.

நாள் முழுக்க இரும்புக்கு மண்டியிடுகிறவள்
விரல் நீள உருக்கில்லாமல் பஸ் ஏறினேன்,
பதினாறு நாள்.

கடைசியில் ஒட்டுசுட்டான் றோட்டில்
மரக்காலைக் காவலாளி கொடுத்தான்,
பாலைமரத்தில் பட்டு வெடித்த வட்டவாளின் ஒரு துண்டு.
விலை: இரண்டு டின்மீன்.
நான் சிரித்ததற்குக் காரணம் கேட்டான்.
சொல்லவில்லை.

யோகசீலன் அரத்தால் உரசி உரசி
நகக்கண்ணளவு மேடு ஒன்றை மட்டும் விட்டான்.
நெருப்பில் சிவக்கவைத்துக் கழிவு ஒயிலில் போட்டான்.
துடைத்து, மறுபடி மெல்லச் சூடாக்க
வைக்கோல் நிறம் வந்தது,
கத்தரிப்பூ நிறம் வந்தது,
மயில் கழுத்து வரும்போது
"போதும்" என்று தனக்கே சொல்லித் தூக்கினான்.

ஆணி அறைந்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு
மூடினான்.

டக்.

நான் கடைக்கு வெளியில் நின்றேன்.
எப்படிப் போனேன் என்று தெரியாது.

"சத்தமில்லாமல் செய்யேலாதோ?"
"சத்தம் இல்லாட்டி வில்லு பிழை, அக்கா.
கத்தி மூடீட்டுது எண்டு அதுதானே சொல்லுறது."
அறுநூறு ரூபா கேட்டான்.
ஐந்நூறு கொடுத்தேன்.
நூறு ரூபாவுக்கு அவன் இன்னொரு தரம் மூடிக் காட்டினான்.

பஸ்ஸில் ஒலுமடு வரைக்கும்
பைக்குள் கைவிட்டபடி
திறந்தேன், மூடினேன்.
பத்தாவது தரம் கண் சிமிட்டவில்லை.
பதினோராவது தரம் சிமிட்டினேன்.

வசந்தகலா வீட்டில் ஏணை ஆடிக்கொண்டிருந்தது.
முப்பத்தொரு நாள் பிள்ளை.
கத்தியை நீட்டினேன்.
வாங்கினாள், விரித்தாள், அலகை முகர்ந்தாள்,
மூடினாள்.

அவளுடைய தோள் ஏறியது.
என்னுடையதும்.
இரண்டு பேரும் ஏணையைப் பார்த்தோம்.
அதற்குள் ஒரு கால்
சீலைக்கு வெளியே தொங்கியபடி
நித்திரை.

"முந்தி இதுக்குச் சத்தமில்லையே.
எங்கை குடுத்தனி?"
நான் முற்றத்து மாமரத்தைப் பார்த்தேன்.
"டின்மீனோ?"
"ஓம்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மறுபடி விரித்தாள்,
ஏணைக்குக் கொஞ்சம் கிட்டப் போய்
மூடினாள்.