எடைப்பாலத்தில் முதல் பருவம்

பகாவ் சாலையில், செம்பனை ஆலை வாசலில்
சனி ஞாயிறு மட்டும் நான் எடை குமாஸ்தா.
மற்ற நாள்களில் கணினி அறிவியல்.

லோரி ஏறும். தட்டு மயிரிழை அளவு வளையும்.
அடியில் இருக்கும் உணரி
அந்த வளைவை மின்னழுத்தமாக்கி,
அதையே ஒன்றும் சுழியுமாக்கி
என் திரைக்கு அனுப்பும்:
பதினேழாயிரத்து நானூற்று இருபது கிலோ.
குலையின் மணமோ
ஓட்டுநர் சுல்கிஃப்ளியின் வசவோ
அதில் வராது.

உள்ளீடு, செயலாக்கம், வெளியீடு என்று
டாக்டர் மங்களேஸ்வரி மூன்று பெட்டி வரைந்தார்.
மூன்றாவது பெட்டி இங்கே
நறநறவென்று ரசீது துப்பும்.

நேற்று மழை. கரண்ட் போனது.
பதினொரு லோரி.
ஒரேயடியாகச் சேமிக்கலாம் என்றிருந்தேன்.
திரை கறுத்தது. அதில் என் முகம் மட்டும்.

'ரேம் என்றால் என்ன?'
திங்கட்கிழமை கேட்பார்கள். இரண்டு மதிப்பெண்.

குடையில்லாமல் ஓடினேன்.
இறக்குமிடத்தில் ரஃபிகுல்
ஒவ்வொரு லோரிக் கதவிலும்
மெழுகுக் குச்சியால் எழுதி வைத்திருந்தான்,
என் சன்னல் வழியே எட்டிப் பார்த்த எடையை.
தன் கூலிக் கணக்குக்காம்.
என்னை நம்பவில்லை, நல்லவேளை.
மழைநீர் எண்கள்மேல் உருண்டு ஓடியது,
எண்கள் அப்படியே இருந்தன.

ஒன்பது கிடைத்தது.
இரண்டு லோரி எப்போதோ ரொம்பின் பக்கம் போய்விட்டது.

"சுழி போட்டுவிடு" என்றார் மேலாளர்.
சுழி ஓர் எண், சார்.
அப்படிப் போட்டால் அந்த லோரி
காலியாக வந்தது என்று ஆகிவிடும்.
தெரியாது என்பது வேறு.

இரண்டு கட்டங்களையும் வெறுமையாய் விட்டு
ஒன்பதையும் சேமித்தேன்,
பிறகு இன்னொரு முறை சேமித்தேன்.
சுல்கிஃப்ளி போனை எடுக்கவில்லை.