பாதிக்குக் குறையாமல்

இரவு ஒன்று நாற்பதுக்கு
கோர்ஃபக்கானுக்கு வெளியே எங்கோ
ஒரு நங்கூரம் இழுபட்டு
இரண்டு கேபிள்களில் ஒன்று செத்தது.
ஃபுஜைராவில் யாரும் விழிக்கவில்லை.
என் திரையில் மட்டும் ஒரு கோடு
சிவப்புக்குப் போய் அங்கேயே நின்றது.

மறுநாள் பெருநாள்.
மிச்சமிருந்த ஒற்றை வழியில் எல்லாரும் வந்தார்கள்.
எல்லாரும் என்றால் எல்லாரும்:
சஜா கேம்ப்பின் வீடியோ அழைப்புகள்,
எண்ணெய்க் கப்பல்களின் கணக்கு,
யாரோ விடாமல் பார்க்கும் கிரிக்கெட்,
ஓர் ஆஸ்பத்திரி அனுப்பும் ஸ்கேன்.
எங்கிருந்து, என்ன வகை,
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
உள்ளே அழுகையா விலைப்பட்டியலா
பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது.

பஃபர் சின்னது.
நிறைந்துவிட்டால்
புதிதாக ஒன்று ஏற, ஒன்று விழவேண்டும்.
அடுத்து வருவது என்ன என்று தெரியாது,
தெரியும்வரை காத்திருக்கவும் முடியாது.
விழுந்தது விழுந்ததுதான்.

நான் எழுதிய விதி இரண்டே வரி:
இடமிருந்தால் ஏற்றுக்கொள்.
இல்லையென்றால் மதிப்புக் குறைந்ததைக் கீழே போடு.
மதிப்பை யார் போட்டது?
அது ஒப்பந்தத்தில் இருக்கிறது,
திர்ஹமில்.

பெருநாள் என்றும் பாராமல்
காலை எட்டுக்கு மீட்டிங்.
ஹுமைத் சாலிஹ் முழு லாகையும் விரித்திருந்தார்.
எது எப்போது வந்தது என்று
அவருக்கு இப்போது எல்லாம் தெரியும்.
'இரண்டு நாற்பத்தேழுக்கு
இதை விட்டு அதைப் பிடித்திருக்கலாம்.'
பிடித்திருக்கலாம்.
விடிந்த இரவை
யார் வேண்டுமானாலும் ஒழுங்காக ஓட்டலாம்.

என்னிடம் ஒரு பக்க நிரூபணம் இருந்தது.
எப்பேர்ப்பட்ட இரவு வந்தாலும்,
என்னைக் கவிழ்க்கவென்றே ஒருவன் உட்கார்ந்து
வரிசையை அமைத்து அனுப்பினாலும்,
எல்லாம் தெரிந்தவன் காப்பாற்றியிருக்கக்கூடிய மதிப்பில்
பாதிக்குக் குறையாது நான் காப்பாற்றியது.
தாளைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்பதுபோல.
'பாதியா, பெர்சிஸ்?'
'எந்த இரவிலும், சார்.'

வெளியே அந்நேரத்துக்கே நாற்பது டிகிரி.
கரக் கடை வரிசையில் எனக்கு முன்னால்
புதுச்சட்டையின் மடிப்புக் கலையாத ஒருவர்
ஒரு காதைப் பொத்திக்கொண்டு
போனில் கத்திக்கொண்டிருந்தார்:
'ராத்திரி நடுவுல விட்டுப்போச்சும்மா,
பேரு மட்டும் கேக்கல.
புள்ளைக்கு என்ன பேரு வெச்சீங்க?
திரும்பச் சொல்லு.'

எந்த விநாடியில் விழுந்தது அது?
லாகில் தேடினால் கிடைக்கும்,
மதிப்பு: ஒன்று, வகை: குரல்.

அந்த முனையில் சொன்னார்கள் போல.
அவர் தலையசைத்தார்,
இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்,
மெதுவாக.

எனக்கு ஒரு கரக்.
சில்லறை இல்லை என்றான் பையன்.