முப்பத்தெட்டு வீதம்

நிஸ்தார் கண்ணாடி அலமாரியைத் திறந்து
தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒன்றை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தான்.
ஐம்பத்திரண்டாயிரம்.
பாவித்தது, ஆனால் நல்ல கை பாவித்தது என்றான்.
வெளியே ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒருவன்
கொட்டகலை தலவாக்கலை என்று தொண்டை கிழிய,
நான் பாரம் பார்த்தேன்.
மூன்று கரண்டி சீனி இருக்கும்.

"உன் போர்டிலேயே உட்காரும்.
ஆறு மணித்தியால வேலை மூன்றரையில் முடியும்.
சூடும் குறைவு, அறுபத்தைந்து வாட்ஸ்தான்."
நிஸ்தார் பொய் சொல்பவன் இல்லை.
அதுதான் கஷ்டம்.

பஸ்ஸில் கணக்குப் போட்டேன்.
செலவு போக ஒரு கல்யாணத்துக்குப் பதினோராயிரம்.
இந்தச் சதுரத்துக்கு ஐந்து கல்யாணம்.
ஆடியில் யாரும் தாலி கட்டமாட்டார்கள்,
மார்கழியில் மாட்டார்கள்.
கிங்ஸ்லி மாதிரி வேதக்கார வீடுகள் உண்டுதான்,
கிங்ஸ்லி பாதிக் காசு இன்னும் தரவில்லை.
சரி, மிச்சமாகும் அந்த இரண்டரை மணித்தியாலத்தை
யார் விலைக்கு வாங்குவார்கள்?
பதினொன்றுக்குத் தொடக்கிவிட்டுப் படுத்தால்
ஆறும் என் தூக்கத்துக்குள்தான் ஓடுகிறது.
மூன்றரையும் அதற்குள்தான் ஓடும்.
கொட்டகலையில் ஒருத்தி இரண்டு கோழியோடு ஏற
கணக்கு எங்கே நின்றதென்று மறந்துபோயிற்று.

வீட்டில் சொன்னேன்.
தர்ஷிகலா சீட்டுக்காசு உறையைப் பார்க்கவில்லை,
மேசைக்குக் கீழே பார்த்தாள்.
பெட்டியின் முதுகில், காற்று வெளியேறும் வலையில்,
யதுர்ஷனின் பள்ளிக்கூடக் காலுறை இரண்டு
ஊக்கு குத்தித் தொங்குகின்றன.
ஜூன் பிறந்து பதினெட்டு நாள்.
கொடியில் போட்ட எதுவும் இன்னும் காயவில்லை.
"சூடு குறைவென்றால்
இது எங்கே காயும்?"
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அன்றிரவு படுக்கவில்லை.
கிங்ஸ்லி மோதிரம் போடும் காட்சி
ஒரு பச்சைக் கோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது.
ஐந்து வருடத்தில் முதல்தடவையாக
அந்த மற்ற ஜன்னலைத் திறந்தேன்,
யார் வேலை செய்கிறார்கள்
யார் சும்மா நிற்கிறார்கள் என்று காட்டுவதை.
புரொசசர் முப்பத்தெட்டு வீதம்.
ஹார்ட் டிஸ்க் நூறு.
கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். நூறு.
தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தேன். நூறு.

மதினியின் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கத் தராசு ஒன்றுதான்.
கை எவ்வளவு ஓடினாலென்ன,
மழையில் கூடையோடு நிற்கத்தான் வேண்டும் என்பாள்.
நான் ஐந்து வருடமாக
வரிசையில் நின்றவனைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை மறுபடி ஹட்டன்.
வேகமான டிஸ்க் ஒன்று, பதினாலாயிரத்து ஐந்நூறு.
"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"
"நீ கேட்டது புரொசசர்தானே" என்றான் நிஸ்தார்,
மிச்சக் காசை எண்ணிக்கொண்டே.

இப்போது அவன் தொண்ணூற்றாறில் நிற்கிறான்,
இறங்கவே இல்லை.
விசிறி, மேட்டில் ஏறும் லொறி மாதிரி.
நாலு மணித்தியாலம் பத்து நிமிடம் என்று காட்டுகிறது.
மூன்றரை இல்லை.
அந்த நாற்பது நிமிடத்தை
நிஸ்தாரின் அலமாரியிலேயே விட்டுவிட்டேன்,
ஆனாலும் இரண்டு தடவை நினைத்துப் பார்த்தேன்.

தொண்ணூற்றொரு வீதத்தில் கரண்ட் போனது.
லயம் முழுக்க இருட்டு, தகரத்தில் மழை.
கட்டிலிலிருந்து அவள் குரல்:
"அந்தக் காசு சாகாமல் பிடித்துவைக்கிற பெட்டி,
யூபிஎஸ்ஸா என்னவோ, அது எவ்வளவு?"
காசு இல்லை, கரண்ட் என்றேன்.
"ரெண்டும் ஒன்றுதான்."

பதில் சொல்லாமல் குனிந்து
மேசைக்கு அடியில் கையால் தடவினேன்.
தகடு இன்னும் சுட்டது.
இடதுகால் உறை நன்றாகக் காய்ந்திருந்தது,
வலது, விரல் நுனியில் மட்டும் ஈரம்.