நாற்பத்திரண்டாம் குழாய்

தரமணியில் மழை. மூன்றாவது மாடியில்
தார் பாலையின் நாற்பத்தொரு பைகளைப் பிரிக்கிறேன்.
ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மண்,
ஹுக்கம் சிங்கின் கோணல் கையெழுத்தில் ஓர் எண்.
மூன்று வருடமாய் நனையாத மண் என்றார் போனில்;
பெருமையா வருத்தமா, தெரியவில்லை.

சொட்டுத் தாங்கல் கரைசல் பட்டதும்
மணக்கிறது.
மண்வாசனை என்கிறோம். மண்ணுக்கேது வாசனை?
உள்ளே படுத்திருப்பவை விட்டுவைத்தது.

உடைத்து, கழுவி, சுழற்றி,
மரபணுவைப் பெருக்கி
இரவு பதினொன்றுக்கு ஜெல்லை விளக்கில் வைத்தேன்.
மண்ணே போடாத
நாற்பத்திரண்டாம் குழாயிலும் ஒரு கோடு.

வரிசை பத்து நாளில் வந்தது.
மனிதத் தோலில் குடியிருப்பது.
"பாலைவனத்துல ஒரு மெட்ராஸ்காரி," என்று
தாஹிரா சிரித்தாள்.

மணல்மேட்டின் நிழல் பக்கம் புள்ளிகள் நெருக்கம்,
வெயில் பக்கம் ஒன்றிரண்டு.
உப்புப் படுகையில், பதினேழாம் பையில்,
எந்தப் பட்டியலிலும் உறவு சொல்லாத ஒன்று.
புதுசுதான் என்று துள்ளியிருப்பேன் போன வாரம்.
இப்போது சந்தேகம்:
வேளச்சேரி பஸ்ஸில் என்னோடு ஏறியதோ?

கையுறை மாற்றிக்கொண்டு
பதினேழை மறுபடி திறக்கிறேன்.
கீழே தெருவில்
தண்ணீர் முழங்கால் வரை.